மஞ்சள் வைத்த கோட்டு

எனக்கு எழுபத்தொன்று நடக்கிறது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது என் தங்கை மகள். ஆறு பேருக்கும் சோறு போட்டது நொச்சிக்குப்பத்துச் சாலையோரத்தில் நான் விரித்த ஒரு பிளாஸ்டிக் ஷீட்டும் அதன்மேல் பரப்பிய மீனும்தான். எழுத்து என்று பார்த்தால் கையெழுத்துப் போடுவேன், பஸ் நம்பர் படிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நான் பேசுகிறபடி எழுதினால் டீச்சர் சிரிப்பார் என்று புத்தகத் தமிழாக மாற்றிக்கொண்டே வருகிறாள். மாற்றட்டும். அன்றைக்கு அவரவர் வாயால் பேசிய பேச்சில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

மீன் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்றியதில்லை. நேற்றுப் பிடித்ததை இன்று பிடித்தது என்று ஒருவன் கூடை இறக்கினால், செவுளைத் தூக்கிப் பார்க்கக்கூட மாட்டேன். மூக்கு சொல்லிவிடும். "உன் மூக்குக்கு பயந்துகினு படகே கரைக்கு வர மாட்டேங்குது" என்று என் வீட்டுக்காரர் இருந்தவரை சொல்வார். அந்த மூக்கு ஒரு கோட்டு விஷயத்தில் பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

கோட்டு என்றால் முதலில் அவர் போட்ட கோட்டைச் சொல்ல வேண்டும். எங்கள் கல்யாணம் முடிந்த மறுவாரம் மயிலாப்பூரில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டோம். ஸ்டூடியோவில் ஒரு கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வருகிற மாப்பிள்ளைக்கெல்லாம் அதுதான். கீழே வேட்டி, மேலே கோட்டு, இடுப்புக்குக் கீழே போட்டோவில் வராது. கோட்டின் கை அவருக்கு நீளமாகிப்போய், நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிய கையில் விரல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. விளக்கு அணைந்ததும் போட்டோக்காரர் அவர் உடம்பிலிருந்து கோட்டை உருவி, வாசலில் காத்திருந்த அடுத்த மாப்பிள்ளைக்கு மாட்டினார். சூடுகூட ஆறியிருக்காது.

அந்தப் போட்டோ இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதே கோட்டு எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீட்டுச் சுவரிலும் இருந்தது. நாலு புருஷன், ஒரு கோட்டு. என் நாத்தனார் வாய் சும்மா இருக்குமா? வருகிறவர்களிடமெல்லாம், "எங்க அண்ணன் கோட்டப் பாக்கணும்னா எந்த வூட்டுக்கு வேணா போலாம்" என்று சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன். ஆனால் மனசில் ஒன்று வைத்துக்கொண்டேன். என் பிள்ளைகளில் ஒருவனாவது கோட்டுப் போட்டுக் கல்யாணம் செய்தால், அது இன்னொருத்தன் தோளில் ஏறாத கோட்டாக இருக்க வேண்டும்.

பெரியவனுக்கும் நடுப்பையனுக்கும் கோவிலில் கல்யாணம். பட்டு வேட்டியோடு முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது கடைக்குட்டி. கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை, முப்பத்தொரு வயசு. அதே ஆபீசில் வேலை செய்கிற அடையாற்றுப் பெண்ணைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டுக்கும் சம்மதம் ஆகி, மந்தைவெளியில் மண்டபம் பிடித்தோம். ஞாயிறு சாயங்காலம் ரிசப்ஷன், திங்கள் காலை தாலி.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"யம்மா, ரிசப்ஷனுக்கு டக்சிடோ போடலாம்னு கீறேன்."

"அது இன்னாடா, ஏலத்துல வர்ற புது மீனு மாதிரி பேரு சொல்ற?"

"கோட்டுதாம்மா. காலர் மட்டும் பளபளன்னு சாட்டின்ல இருக்கும். கழுத்துல டைக்கு பதிலா பட்டாம்பூச்சி மாதிரி ஒண்ணு கட்டுவாங்க."

"கோட்டுன்னு சொல்லிட்டுப் போயேன். எப்போ வாங்கப் போறோம்?"

போறோம் என்று நான் சொன்னதும் அவன் கை சோற்றில் நின்றது. "நீ எதுக்கும்மா, கூட்டத்துல இடிபட்டுகினு..." என்றான்.

"நான் வராம எந்த மீனுடா இந்த வூட்டுக்குள்ள வந்துகீது?" என்றேன். அத்தோடு பேச்சு முடிந்தது.

பாண்டி பஜாரில் பெரிய துணிக்கடைகளை எல்லாம் தாண்டி, ஒரு சந்தில் மாடிக்கடைக்குக் கூட்டிப்போனான். பலகையில் எல்லாம் இங்கிலீஷ். உள்ளே போனால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் கோட்டு. கறுப்பு, நீலம், சாம்பல், கத்தரிப்பூ. கடைக்காரர் ஒரு பாய். என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். கழுத்தில் இஞ்சி டேப், காதில் பென்சில். உட்கார நாற்காலி போட்டு, டீ சொல்லி அனுப்பினார். பையனும் அவரும் இங்கிலீஷில் ஏதோ பேசிக்கொண்டார்கள். ஆபீஸ் பிள்ளை, பேசட்டும் என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கறுப்பு போட்டுவந்து நின்றான். "கோர்ட்டு வாசல்ல நிக்கற மாதிரி கீது, கழட்டு" என்றேன். நீலம் வந்தது. "இது பேண்டு வாசிக்கறவங்க போடறது." சாம்பல் வந்தது. "கருவாடு."

பாய் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அம்மாவுக்குக் கண்ணு கூர்மை. இருங்க" என்று உள்ளே போய், உறை போட்ட ஒன்றை எடுத்து வந்தார். வெள்ளை. சுண்ணாம்பு வெள்ளை இல்லை, ஆடை படிந்த பால் மாதிரி ஒரு வெள்ளை. காலர் மட்டும் கறுப்பு சாட்டின், விளக்கு வெளிச்சத்தில் வவ்வால் மீன் மாதிரி மின்னியது. பையன் அதைப் போட்டுக்கொண்டு திரும்பினான். அவர் சாயல் தோளில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்காக வேலையை விடவில்லை. கிட்டே போய்க் கோட்டை முகர்ந்தேன். அக்குளில், கழுத்தில், உள் துணியில். புதுத் துணி வாசம். பையன் வெட்கத்தில் நெளிந்தான்.

"யம்மா, இன்னாம்மா பண்ற, மீனா இது?"

"சும்மா நில்லுடா. பாக்கெட்டுல கை வுடு பாப்போம்."

கை போகவில்லை. நான் விட்டுப் பார்த்தேன். பாக்கெட் மாதிரி மூடி இருந்தது, வாய் இல்லை. தைத்து மூடியிருந்தது.

"இன்னா பாய், வாய தெச்சி வச்சிகீற? மொய்க் கவர எங்க வெப்பான் எம் புள்ள, சட்டி தூக்கிகினு மேடையில நிப்பானா?"

பாய் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் இவன், "அது ஸ்டைலும்மா. இந்தக் கோட்டுல பாக்கெட் சும்மா அழகுக்கு" என்று அடித்துவிட்டான். பாய் டேப்பை எடுத்துத் தோள் அளவு பார்க்கத் தொடங்கினார்.

அப்புறம் விலை. பாய் சொன்ன விலையைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவுதானா? நான் இடுப்பில் சுருக்குப் பையில் கொண்டுபோனது அதற்குப் பல மடங்கு. முகத்தில் காட்டுவேனா? உதட்டைப் பிதுக்கி, "பாதி பண்ணு பாய்" என்றேன். பாய் பையனைப் பார்த்தார். பையன் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தான். "அரே, இதுக்கும் பேரமாம்மா?" என்று பாய் தலையில் கை வைத்தார். விடவில்லை. கொஞ்சம் குறைத்துத்தான் எழுந்தேன்.

மறுநாள் மீன் கடையில் யாரிடம் சொல்லவில்லை? "நாலு வஞ்சிரம் வெலைக்குக் கோட்டு வாங்கிட்டு வந்துகீறேன்! தி.நகர்காரனே கையெடுத்துக் கும்பிட்டான்!" பக்கத்துக் கடைக்காரி வாயைப் பிளந்தாள். என் நாத்தனாருக்குப் போன் போட்டே சொன்னேன்.

அளவு சரிசெய்து, கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோட்டு வீட்டுக்கு வந்தது. சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் மணை போட்டு, அதன்மேல் கோட்டைப் படுக்கவைத்தேன். புதுத்துணியை மஞ்சள் வைக்காமல் உடம்பில் போடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. தீபாவளிச் சட்டையானாலும் சரி, பள்ளிக்கூட யூனிபாரமானாலும் சரி. ஆறு பிள்ளைகளின் துணியிலும் ஒரு மூலையில் என் விரல் மஞ்சள் இருந்திருக்கிறது.

சேலைக்கு முந்தி இருக்கிறது, வேட்டிக்கு மூலை இருக்கிறது, கோட்டுக்கு எது மூலை? திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் கீழே பொத்தானுக்கு அடியில் வளைந்து போகிற இடம்தான் மூலை என்று முடிவு செய்தேன். மஞ்சளைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, உள்பக்கமாக ஒரு புளியங்கொட்டை அளவு வைத்தேன். அது மட்டும் என்ன பாவம் செய்தது என்று பேண்டுக்கும் வைத்தேன். கழுத்துப் பட்டாம்பூச்சிக்கு ஒரு சின்னப் பொட்டு.

குளித்துவிட்டுத் துண்டோடு வந்த பையன் அப்படியே நின்றான்.

"யம்மா! இன்னா பண்ணிகினு கீற?"

"மஞ்சா வெச்சிகினு கீறேன். வேற இன்னா?"

"ஐயோ, அத திருப்பிக் குடுக்கணும்மா!"

"யாருக்கு?"

அவன் கோட்டைப் பார்த்தான், என் விரலைப் பார்த்தான், சுவரில் அவன் அப்பா போட்டோவைப் பார்த்தான். எனக்கு விளங்கிவிட்டது. விலை ஏன் அவ்வளவு குறைச்சல், ஃபேனை ஏன் பார்த்தான், இங்கிலீஷில் ஏன் பேசினான், எல்லாம் ஒரே வலையில் வந்து விழுந்தது.

"வாடகையா?"

"ஒரு நாளு போடறதும்மா. அப்புறம் பீரோல தொங்கும். நீ கேட்டா மனசு கஷ்டப்படுவன்னுதான்..."

நான் ஒன்றும் பேசவில்லை. பேசாத என்னை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. சமையல்கட்டிலிருந்து என் பெரிய மகள் ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "மஞ்சாதானே, இப்ப போக்கிடறேன்" என்று சோப்பை எடுத்துத் தேய்த்தாள். அவசரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும்? புளியங்கொட்டை அளவு மஞ்சள், கையகல ரத்தச் சிவப்பாக விரிந்து, உள்ளிருந்து வெளியே வந்து நின்றது. ஆரத்தித் தட்டைக் கவிழ்த்தது போல.

"யக்கா!" என்று பையன் அலறினான்.

"நான் இன்னாடா பண்றது, அம்மா வெச்சாங்க!"

"வெச்சது மஞ்சா. செவப்பாக்குனது நீ" என்றேன். என் மௌனம் அத்தோடு முடிந்தது.

பையன் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது. "அத்த, வாடகைக்கு எடுக்கச் சொன்னது நான்தான். ஒரு சாயங்காலத்துக்கு எதுக்கு அவ்ளோ காசுன்னு நெனச்சேன். திட்டறதுன்னா என்னத் திட்டுங்க, அவரத் திட்டாதீங்க."

ரிசப்ஷனுக்கு முந்தின நாள் மாமியாரிடம் திட்டு கேட்டு வாங்குகிற பெண்! எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனால் கோட்டு? நாளைக்கு ரிசப்ஷன். அதைவிட, யார் யாரோ போட்டுக் கழற்றியதை மோப்பம் பிடித்துப் பார்த்துப் புதுசு என்று ஊரெல்லாம் சொன்னேனே, அந்த மூக்கு? ஸ்டூடியோ ஆணியில் தொங்கிய கோட்டு, இத்தனை வருஷம் கழித்து என் பிள்ளை மேலேயும் ஏறிவிட்டதா?

"கெளம்புடா நைனா. கடைக்குப் போலாம்."

"அந்தாளு திட்டுவாரும்மா."

"திட்டட்டும். மஞ்சா வெச்ச துணிய இன்னொருத்தனுக்கு எப்படிக் குடுப்பேன்?"

ஆட்டோ பிடித்துப் போனோம். பாய் கோட்டைப் பிரித்தார். சிவப்பைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது இன்னாம்மா?"

"மஞ்சா வெச்சேன் பாய். சொந்தமா வாங்கினதுன்னு நெனச்சு வெச்சேன். தப்பு அவன் மேலதான். அத வுடு, எனக்கு ஒண்ணு சொல்லு. இதுக்கு முன்னால எத்தினி மாப்பிள்ள போட்டது?"

"ஒருத்தர்கூட போடலம்மா. தச்சு மூணு மாசம் ஆச்சு. வெள்ளைய யாரும் கேக்கறதில்ல. எல்லாருக்கும் கறுப்பும் நீலமும்தான். உங்களுக்குக் காட்டத்தான் மொதல்ல வெளிய எடுத்தேன்."

"விக்கறவன் பேச்ச நம்ப மாட்டேன் பாய். நானும் விக்கறவதான்."

பாய்க்குக் கோபம் வரவில்லை. கையை விரித்து, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல நின்றார்.

பார்த்தேன். சுவரோரமாகப் போய்த் தொங்குகிற கோட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். முதல் கறுப்புக் கோட்டின் பாக்கெட்டில் கை விட்டேன். போயிற்று. நீலத்தில் விட்டேன். அதுவும் போயிற்று, உள்ளே ஒரு பாக்குப் பொட்டலம் இருந்தது. சாம்பலில் யாரோ வைத்த மொய்க் கவரின் கிழிந்த ஓரம், மேலே மஞ்சள் குங்குமப் பொட்டு. கத்தரிப்பூவில் காய்ந்த ரோஜா இதழ். எந்த மாப்பிள்ளையானாலும் மேடையில் கவரை வாங்கி எங்கே வைப்பான்? பாக்கெட்டில்தானே? போட்ட கோட்டுக்கெல்லாம் பாக்கெட் வாய் திறந்திருந்தது.

திரும்பி வந்து என் வெள்ளைக் கோட்டைத் தொட்டேன். தையல் அப்படியே இருந்தது. ஒரு இழை பிரியவில்லை.

"பாய், பாக்கெட்டுக்கு எதுக்குத் தையல் போடுவீங்க?"

"புதுசா தச்சதும் அப்படி வாய மூடித்தான் வெப்போம்மா, ஷேப் போகாம இருக்க. போடறவங்க பிரிச்சுக்குவாங்க. அன்னிக்கே சொல்ல வந்தேன், உங்க புள்ள விடல."

"அப்போ இதுக்குள்ள எவன் கையும் போகல!"

"அதத்தானேம்மா நான் சொல்றேன்!"

நான் பையனைப் பார்த்தேன். "இப்ப இன்னா சொல்ற? எம் மூக்கு தப்பாடா?"

"தப்பில்லம்மா" என்றான். சிரிப்பும் வந்தது அவனுக்கு, கண்ணும் கலங்கியது. "தப்பு எம் மேலதான்."

சுருக்குப் பையை அவிழ்த்து மேசைமேல் வைத்தேன். "முழு வெல சொல்லு பாய்." சொன்னார். வாடகைக்குக் கொடுத்ததை அவராகவே கழித்துக்கொண்டார். நான் பேரம் பேசவில்லை. என் ஆயுசில் பேரம் பேசாமல் வாங்கிய பொருள் அது ஒன்றுதான். பாயே கொஞ்சம் ஏமாந்த மாதிரி பார்த்தார்.

சிவப்புக்கு அவரே வழி செய்தார். எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொல்லி அதன்மேல் பிழிந்தார். பிழியப் பிழியச் சிவப்பு மறுபடி மஞ்சளானது. "மீதிய வெயில் பாத்துக்கும்" என்று நான் சொன்னேன். மஞ்சளுக்கு வெயில் ஆகாது என்று எங்களுக்கெல்லாம் தெரியும். மொட்டைமாடியில் கோட்டை விரித்து, அது காய்கிறவரைக்கும் பாயும் நானும் படிக்கட்டு நிழலில் உட்கார்ந்து, எந்தக் கடல் மீன் ருசி என்று சண்டை போட்டோம். கடைசியில் தடவிப் பார்த்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தார். வெளியே தெரிவது ஒரு சின்ன நிழல் மாதிரி. உள்பக்கம் மட்டும் என் விரல் வைத்த இடம் இளமஞ்சளாக நின்றுவிட்டது. அதைப் போக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் மண்டபத்தில் அவனுக்குப் பட்டாம்பூச்சி கட்டிவிட்ட பிறகு, பிளேடு வாங்கி அந்தப் பாக்கெட் தையலை நானே பிரித்தேன். முதல் கவரை நானே உள்ளே வைத்தேன். மருமகள் தரையைக் கூட்டுகிற பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, கோட்டின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, "இங்கதானா அத்த?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் பாவாடையின் ஓரத்தையும் நீட்டினாள். "எனக்கு?" கைவசம் மஞ்சளுக்கா பஞ்சம்? வைத்தேன்.

என் நாத்தனார் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "கோட்டு நல்லா கீது அண்ணி. யாருதுன்னு கேக்கலாமா?" என்றாள். வயசானாலும் வாய் மாறவில்லை.

"எம் புள்ளையுது. பாக்கெட்ட நான்தான் பிரிச்சேன்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் போட்டோவுக்குப் பக்கத்தில் இப்போது இவன் போட்டோ மாட்டியிருக்கிறோம். அங்கே கறுப்புக் கோட்டு, இங்கே வெள்ளை.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் பேத்தியே போட்டுக்கொடுத்துவிடுவாள். போன மாசம் பக்கத்துக் கடைக்காரி வந்து தயங்கித் தயங்கி நின்றாள். அவள் பையனுக்கு ரிசப்ஷன். "யக்கா, உம் புள்ள கோட்டு பீரோல சும்மாதானே தொங்கிகினு கீது..." என்றாள். மஞ்சள் வைத்த துணியை எப்படிக் கொடுப்பேன் என்று ஆட்டோ பிடித்துப் போனவள் நான்தான். எங்கள் வீட்டுக்காரர் விரல் நுனி மட்டும் தெரிய நின்ற போட்டோவை நிமிர்ந்து பார்த்தேன். பாவம், அன்றைக்கு அந்தக் கோட்டு இல்லாவிட்டால் எங்களுக்குப் போட்டோவே இருந்திருக்காது.

என் பிள்ளை முதலில் போட்டாயிற்று. இனி யார் போட்டால் என்ன? பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது, அவள் பையனுக்காகப் பழைய மஞ்சளுக்குப் பக்கத்தில் இன்னொரு பொட்டு வைத்தேன். அவனுக்கும் தோள் சரியாகத்தான் இருந்ததாம். அடுத்த மாசத்துக்கு இன்னொருத்தி கேட்டு வைத்திருக்கிறாள். இப்படியே போனால் இந்தத் தெருவில் நாலு சுவரில் என் பிள்ளை கோட்டு தொங்கும். தொங்கட்டும். இந்தத் தடவை கொடுக்கிறவள் நான்.

"போதும் கண்ணு, பேனாவ வெய்யி. மொதல்ல இருந்து ஒரு வாட்டி படிச்சிக் காட்டு. கோட்டு இன்னா வெலன்னு எழுதலயே நீ? எழுதாத. அந்த நாலு வஞ்சிரம் கணக்கே ஊர்ல இருக்கட்டும். உம், படி."